இரண்டு மானிட்டரில் எக்செல்: தனி விண்டோவா, தனி எக்செல்லா?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மாதாமாதம் 14-ஆம் தேதியிலிருந்து 20 வரை தலை நிமிர நேரமிருக்காது. 14-இல் சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வரும், 20-க்குள் மாத ரிட்டர்னான 3பி போட்டாக வேண்டும். இடது மானிட்டரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் இறக்கிய 2பி, வலதில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த பர்ச்சேஸ் ரிஜிஸ்டர். பில் பில்லாக ஒத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு ஃபைலையும் எப்படித் திறப்பது என்பதில் எங்கள் ஆபீஸில் இரண்டு கட்சி உண்டு.

பழைய கதையை முதலில் முடித்துவிடுவோம். எக்செல் 2010 வரை எல்லா ஃபைலும் ஒரே பெரிய சட்டத்துக்குள்தான் திறக்கும். அந்தச் சட்டத்தையே இரண்டு மானிட்டருக்கும் சேர்த்து இழுத்து, அரேஞ்ச் ஆல் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். இரண்டு மானிட்டரும் ஒரே அளவு இல்லாவிட்டால் ஒரு ஓரம் மறைந்து தொலையும். இன்னும் 2010 வைத்திருக்கிற சின்னப் பட்டறை ஆபீஸ்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இதை விட்டால் எக்செல்லையே இரண்டு தடவை திறப்பதுதான் வழி.

2013-இலிருந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி விண்டோ. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவிவிடும். வெளியே பார்க்கத்தான் தனித்தனி. உள்ளே ஓடுவது ஒரே எக்செல். முதல் கட்சி இதுவே போதும் என்கிறது, நானும் அந்தக் கட்சிதான். வீலுக்கப் (இன்னொரு பட்டியலில் தேடி எடுக்கிற ஃபார்முலா) எழுதும்போது பாதியில் அடுத்த மானிட்டருக்குப் போய் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஃபைலின் பெயர் சதுர அடைப்புக்குறியோடு தானாக வந்து உட்காரும். ஒத்துப் பார்க்கிற வேலையின் உயிரே இதுதான்.

ஒரே எக்செல் என்பதால் வரும் தொல்லைகளும் உண்டு. கன்ட்ரோல் இசட், அதாவது அன்டூ, எல்லா ஃபைலுக்கும் பொது. ரிஜிஸ்டரில் நின்றுகொண்டு நாலு தடவை அமுக்கினால், மூன்றாவது தடவை 2பி-யில் செய்த மாற்றம் கழன்றுகொள்ளும். அடுத்தது கால்குலேஷன். முதலில் திறக்கிற ஃபைல் மேனுவலில் (சொன்னால்தான் கணக்குப் போடும் நிலையில்) சேமித்ததாக இருந்தால், பின்னால் திறக்கிற எல்லாமே மேனுவலுக்குப் போய்விடும். போன மாதம் ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் ஜூனியர் பையன் கூப்பிட்டான்: "அண்ணா, தொகையை மாத்தினாலும் டோட்டல் அசையவே மாட்டேங்குது."

"கீழே இடது மூலையைப் பாருப்பா. கால்குலேட்னு நிக்குதா?"

"ஆமாண்ணா."

"காலையில முதல்ல என்ன ஃபைல் திறந்தே?"

சப்ளையர் அனுப்பிய ரேட் ஃபைல். எஃப்9 அமுக்கியதும் டோட்டல் சரியானது. ஃபார்முலாஸ் டேபில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிய பிறகு அன்றைக்குத் தொல்லை இல்லை.

இரண்டாவது கட்சி, எக்செல்லையே தனியாக இன்னொன்று ஓட்டுகிறது. டாஸ்க்பாரில் எக்செல் ஐகானை ரைட் கிளிக் செய்து, ஆல்ட்டை அமுக்கிப் பிடித்தபடி வரும் பட்டியலில் எக்செல் என்பதைக் கிளிக் செய்து, கையை எடுக்காமல் இருந்தால், புதிதாக ஒன்று திறக்கவா என்று கேட்கும். ரன் பெட்டியில் எக்செல் என்று அடித்து, இடைவெளி விட்டு ஸ்லாஷ் எக்ஸ் போட்டாலும் அதேதான். லாபம் பெரியது: ஒன்றில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் நிரல்) அரை மணி நேரம் ஓடினாலும் மற்றதில் வேலை நிற்காது. ஒன்று தொங்கினால் அதை மட்டும் டாஸ்க் மேனேஜரில் முடிக்கலாம். அன்டூ தனி, கால்குலேஷன் தனி.

ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஃபார்முலா எழுதும்போது அந்தப் பக்கம் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. காப்பி அடித்து ஒட்டினால் தொகை மட்டும் வரும், ஃபார்முலா வராது. பேஸ்ட் ஸ்பெஷலைத் திறந்தால் டிரான்ஸ்போஸ் இருக்காது. படமாக ஒட்டவா, டெக்ஸ்டாக ஒட்டவா என்று வேறு பட்டியல் நிற்கும். பர்சனல் மேக்ரோ ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு அது ஏற்கெனவே திறந்திருக்கிறது, பூட்டியிருக்கிறது என்ற செய்தி வேறு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் மாதிரிதான்.

அதனால் நான் பிரிப்பது இப்படி. இரண்டு ஃபைலுக்கும் நடுவில் ஒரு ஃபார்முலாவாவது போக வேண்டுமென்றால் ஒரே எக்செல். மேக்ரோ ஓடும் கனமான எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான ரிப்போர்ட்) ஃபைல் ஒரு பக்கம் அரைத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் சம்பந்தமில்லாத வேலை என்றால் தனி எக்செல்.

ஒரே ஃபைலின் இரண்டு ஷீட்டை இரண்டு மானிட்டரில் பார்க்கப் பலர் ஃபைலையே காப்பி எடுத்துத் திறக்கிறார்கள். அப்புறம் எதில் திருத்தினோம் என்று தேடுகிறார்கள். வியூவில் நியூ விண்டோ என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஃபைல் இரண்டு விண்டோவில் தெரியும், எதில் மாற்றினாலும் இரண்டிலும் மாறும். சேமிப்பதற்கு முன் இரண்டாவது விண்டோவை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவையும் இரண்டாகவே திறக்கும்.

கூகுள் ஷீட்ஸில் டேபைப் பிடித்து வெளியே இழுத்தால் தனி விண்டோ, அவ்வளவுதான். இன்னொரு ஃபைலிலிருந்து எடுக்க இம்போர்ட்ரேஞ்ச் எழுதி அனுமதி கொடுக்க வேண்டும். கிளிக் செய்து எடுக்கிற பழக்கம் அங்கே செல்லாது. லிப்ரே ஆபீஸில் விண்டோ தனி என்றாலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான், விழுந்தால் எல்லாம் சேர்ந்தே விழும்.

லேப்டாப் திரையும் வெளி மானிட்டரும் வேறு வேறு ஸ்கேலிங்கில் (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவில்) இருந்து எழுத்து மங்கலாகத் தெரிந்தால், எக்செல் ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியைப் பாருங்கள். பல திரை பயன்படுத்தும்போது தோற்றத்துக்கு முன்னுரிமையா, பொருத்தத்துக்கா என்று ஒரு தேர்வு இருக்கும். இப்போது இருப்பதை மற்றதுக்கு மாற்றி, எக்செல்லை மூடித் திறந்து பாருங்கள்.