டிடி5 ஈயக் கப்பல், பத்து காஜா: கண்டிப்பா போங்க, ஆனா அதோட திரும்பிடாதீங்க

மலேசியாவுல பேராக் மாநிலத்து ஈப்போவுக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு வைட் கோப்பி குடிச்சி, தவுகே (மொளகட்டின பயறு) கோழி சாப்ட்டுட்டு கெளம்பிடுறாங்க. அரை நாள் ஒதுக்கி பத்து காஜா பக்கம் நிக்கிற டிடி5ங்கற ஈயக் கப்பலப் பாருங்க, அதாவது குட்டையில மெதந்துகிட்டே ஈயம் (tin, வெள்ளீயம்) தோண்டின மெஷினு, பேராக் எப்படி வாழ்ந்துச்சுன்னு கண்ணு முன்னாடியே தெரியும்.

1938ல கட்டினது, 4,500 டன் எடை, மெதக்குற அடிப்பாகமே 75 மீட்டர் நீளம். குட்டையில மெதந்துகிட்டே முன்னாடி சங்கிலில கோத்த இரும்பு வாளிங்க வரிசையா எறங்கி மண்ண அள்ளிட்டு மேல போகும், அங்க பெரிய சுத்துற சல்லடையில தண்ணியப் பீச்சி கல்லு தனியா மண்ணு தனியா பிரிச்சி, கனமான ஈயத்தாது அடியில தங்க, மிச்சமெல்லாம் பின்பக்கமா திரும்ப குட்டையிலயே கொட்டிடும். ஒரு வாளி பக்கத்துல போய் நின்னு பாருங்க, பல்லு மாதிரி வெளிம்பு எப்படித் தேஞ்சி கெடக்குன்னு. கைடு கூடவே வந்து காட்டுறதுனால சின்னப் பசங்களுக்குக் கூட நல்லா புரியுது.

1982ல இது நின்னுச்சு. 1985 அக்டோபர்ல உலக ஈயச் சந்தையே படுத்துச்சு, விலை பாதிக்கும் கீழ போச்சு, கிந்தா பள்ளத்தாக்குல ஊரு ஊரா லம்பத்த (ஈயச் சுரங்கத்த) மூடினாங்க. அதுக்கப்புறம் இந்த மாநிலம் எப்படி எழுந்துச்சுங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது, அதுக்கு நீங்க கப்பல விட்டு எறங்கி கார்ல ஒரு சுத்து வரணும். தஞ்சோங் துவாலாங் ஈயக்குட்டைங்கள்ல இப்ப ஊடாங் காலா (நன்னீர்ப் பெரிய எறா) வளக்குறாங்க. கம்பார்ல பழைய லம்பத்து நெலத்துல 2007ல துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் வந்துச்சு, செத்துக் கெடந்த டவுன்ல வாடகை வீடு, சாப்பாட்டுக் கடைன்னு உயிர் வந்துச்சு. தெக்க தஞ்சோங் மாலிம்ல புரோட்டோன் கார் ஃபேக்டரி. ஈப்போவுல கார்செம் கம்பெனி 1972லயே எலக்ட்ரானிக் சிப் பேக்கேஜிங் ஆரம்பிச்சிட்டாங்க, ஈயம் நல்லா ஓடிட்டிருந்த காலத்துலயே! அந்த மாதிரி ஃபேக்டரிங்க முன்னாடியே இருந்ததுனாலதான் அப்புறம் நெறைய குடும்பம் தாக்குப் பிடிச்சிச்சு. ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க பிள்ளைங்க ஃபேக்டரி பஸ் ஏறி ஷிஃப்ட் வேலைக்குப் போனாங்க, மாசச் சம்பளம், ஈபிஎஃப் (சேமநிதி)னு வீட்டுக்கு வந்துச்சு, இத நம்ம ஆளுங்க மறக்கவே கூடாது. ஆனாலும் பினாங்கு ஓடின வேகத்துக்கு பேராக் ஓடலங்கறது உண்மை, இன்னிக்கும் படிச்ச பசங்க கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கிட்டுதான் இருக்காங்க, அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

காலையிலயே போயிடுங்க, மத்தியானம் இரும்பு கொதிக்கும். படிங்க செங்குத்தா இருக்கு, ஷூ போட்டுக்கோங்க, முட்டி வலி உள்ள பெரியவங்க கீழ இருந்தே பாத்துக்கலாம். முடிச்சிட்டு ஊடாங் காலா சாப்பிடப் போனா ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கிலோ எவ்ளோன்னு கேட்டுடுங்க, ஒரு கடையில கேக்காம உக்காந்து பில்லு வந்தப்போ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். கப்பலுக்கு 5க்கு 4.5 குடுப்பேன்.