டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல்: சட்டக் கருத்துரை, தகவல் முடிவுக் கடிதம் - எது யாருக்கு?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சட்டச் சந்தேகத்தோடு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் போகும் அரசு அலுவலகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, சட்டக் கருத்துரை. ஆளுநர், துறைத் தலைவர்கள், சட்டமன்றக் குழுத் தலைவர்கள் போன்றவர்கள்தான் கேட்கலாம். பொதுமக்களுக்கு அந்த உரிமை இல்லை. பதில் சொல்ல 180 நாள் அவகாசம். நீதிமன்றத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதிகள் மதித்துப் படிப்பார்கள். அட்டர்னி ஜெனரலாக கிரெக் ஆபட் இருந்த காலத்துக் கருத்துரைகளின் எண் 'ஜி.ஏ.' என்றும், கென் பாக்ஸ்டன் காலத்தவை 'கே.பி.' என்றும் தொடங்கும்.

இரண்டாவது, தகவல் முடிவுக் கடிதம்: அரசு ஆவணம் ஒன்றை மறைக்கலாமா என்று அட்டர்னி ஜெனரல் சொல்லும் முடிவு. இதுதான் சாதாரண மக்களுக்கு உண்மையில் பயன்படுவது என்பேன். நீங்கள் நகராட்சியிடம் ஓர் ஆவணம் கேட்கிறீர்கள். அவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. சும்மா மறுத்துவிட முடியாது. மனு கிடைத்த 10 வேலை நாளுக்குள், மறைக்க அனுமதி கேட்டு அட்டர்னி ஜெனரலுக்கு எழுத வேண்டும். கெடு தவறினால், வலுவான காரணம் காட்டாதவரை அந்த ஆவணம் பொது ஆவணம்தான். மறைக்க நினைப்பவர் மேல் சுமையை வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டவரும் தன் வாதத்தை எழுதி அனுப்பலாம். முடிவு பொதுவாக 45 வேலை நாளில் வந்துவிடும்.

இன்னொரு வித்தியாசம்: முடிவை ஏற்காத அலுவலகம் சும்மா இருக்க முடியாது, தலைநகர் ஆஸ்டின் இருக்கும் டிராவிஸ் கவுன்ட்டி (மாவட்டம்) நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாக வேண்டும்.