பஞ்சுக் காட்டில் கொதிக்கும் கம்ப்யூட்டர்: ப்ளோயரா, டவரா, லிக்விடா, ஏசியா?

திருப்பூரில் ஒரு கட்டிங் செக்‌ஷனுக்கு மேல் மாடியில் உட்கார்ந்து பனியன் பிரிண்டுக்கு டிசைன் போடுகிறவன் நான். போன சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பெரிய ஃபைல் எதையாவது திறந்தால் போதும், சிபியு விசிறி மாவு மில் மாதிரி இரையும், மவுஸ் நகராது. சிப்பின் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் 100 டிகிரி. என்னுடைய ப்ராசசர் சிப் இன்டெல் ஐ5-12400. அதற்கு உச்ச வரம்பே 100தான். அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எல்லா கோரும் வேலை செய்யும்போது 4 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது, 2.3-ல் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைக்காரர், தண்ணீர் ஓட்டிச் சிப்பைக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் என்றார். மச்சான், மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வை என்றான். கீழே இருக்கும் கட்டிங் மாஸ்டர் மேலே வந்து, “ஏனுங்க தம்பி, பேசாம ஒரு ஏசியப் போட்டுருங்க, உங்களுக்கும் ஆச்சு, பெட்டிக்கும் ஆச்சு” என்றார். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது, அதுதான் சிக்கல்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று நடந்து பார்ப்போம் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். சூடு சிப்பில் பிறந்து, மேலே தடவிய பேஸ்ட் வழியாக, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூலரின் அலுமினியத் தகடுகளுக்குப் போய், அங்கிருந்து கேபினெட் காற்றுக்கும், கடைசியில் அறைக்கும் வெளியேற வேண்டும். ஒவ்வொரு வைத்தியமும் இதில் ஒரு இடத்தைத்தான் சரிசெய்யும்.

மச்சான் யோசனையை முதலில் செய்தேன், செலவில்லாதது என்பதால். மூடியைக் கழற்றினால் எட்டுப் பத்து டிகிரி இறங்குகிறது என்றால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. ஒன்றிரண்டுதான் இறங்குகிறது என்றால் கோளாறு கூலரில். எனக்கு இரண்டு டிகிரி இறங்கியது. சோதனைக்கு இது நல்ல வழி. ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஃபேன் காற்றோடு பஞ்சும் உள்ளே போகும், பல்லியும் குடிவரும்.

சோதனை கூலரைக் காட்டியதால் அதன் விசிறியைக் கழற்றினேன். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் வட்டமாக ஒரே துண்டாக வந்தது. அடியில் நேவி ப்ளூ, அதன்மேல் சிவப்பு, அப்புறம் ஒரு வெள்ளை, மேலே மஞ்சள். கீழே எந்தெந்த ஆர்டர் எந்த வரிசையில் வெட்டினார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பவானி ஜமுக்காளத்தில் ஒரு துண்டைக் கிழித்து வைத்தது போலிருந்தது.

இந்தப் படலம் வெறும் ப்ளோயருக்கு அசையாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியிலிருந்து ஊதியே சுத்தம் செய்துவிட்டதாக நினைத்து ஏமாந்திருக்கிறேன். விசிறியைக் கழற்றிக் கையால் உரித்துவிட்டு, மிச்சத்தை ஊத வேண்டும். கீழே மெஷின் துடைக்க கம்ப்ரஸர் இருக்கிறதே, அதில் அடித்தால் என்ன என்று தோன்றும். அதன் காற்றில் தண்ணீரும் சில நேரம் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். கையில் பிடிக்கிற எலெக்ட்ரிக் ப்ளோயரே போதும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதலாம், திறக்கக் கூடாது. கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

அதே ஃபைல், அதே மதியம், அறையில் 36 டிகிரி. சுத்தம் செய்த பிறகு 100 என்பது 86 ஆனது. வேகமும் திரும்பி வந்தது. செலவு, ப்ளோயர் வாங்கிய ஆயிரத்துச் சொச்சம்.

பேஸ்ட் மாற்றியதில் இன்னும் நான்கு டிகிரி குறைந்து 82. பழையது காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்திருந்தால் இதைவிடக் கூடுதலாகக் குறையலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு பட்டாணி அளவு வைத்தால் போதும். நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்பதெல்லாம் இல்லை. ஏஎம்டியின் ரைசன் சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டில் கூலரை நேராகத் தூக்கினால் சிப்பும் பிய்த்துக்கொண்டு வரலாம், அதன் அடியில் இருக்கும் ஊசி போன்ற பின்கள் வளையலாம். பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துவிட்டு, மெதுவாகத் திருகி எடுங்கள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 82-லும் இரைச்சல் போகவில்லை. இந்த இடத்தில்தான் உண்மையான போட்டி, உயரமான தகட்டு அடுக்கும் விசிறியும் உள்ள டவர் கூலருக்கும் லிக்விட் கூலருக்கும்.

கடைக்காரர் காட்டிய 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் ஏழாயிரத்துக்கு மேல். 120 மில்லிமீட்டர் விசிறியும் நான்கு செம்புக் குழாயும் உள்ள டவர் இரண்டாயிரத்துச் சில்லறை. லிக்விடில் தண்ணீரின் சூட்டைக் காற்றுக்கு விடும் பெரிய ரேடியேட்டர் இருப்பதால் சூடான சிப்பை அது நன்றாகவே அடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘தண்ணி ஓடுது, ஜில்லுனு இருக்கும்’ என்று நினைப்பது தப்பு. அந்தத் தண்ணீரையும் குளிர்விப்பது அறைக்காற்றுதான். 36 டிகிரி அறையில் எந்த விசிறியாலும், எந்தத் தண்ணீராலும் 36-க்குக் கீழே கொண்டுபோக முடியாது.

நம் ஊருக்கு அது பொருந்தாததற்கு வேறு காரணமும் உண்டு. ரேடியேட்டரின் தகடுகள் டவரில் இருப்பதைவிட நெருக்கமாக இருக்கும். பஞ்சு அதைத்தான் முதலில் அடைக்கும். அப்புறம் பம்ப். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன கோயமுத்தூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு, ஓடுகிற பம்ப் ஒருநாள் நிற்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டவரில் விசிறி நின்றால் சில நூறு ரூபாய்க்கு வேறு விசிறி மாட்டிக்கொள்ளலாம். லிக்விடில் பம்ப் நின்றால் வெப்பம் மளமளவென்று ஏறும், அன்றைக்கு வேலை போச்சு. பெரும்பாலானவற்றில் தண்ணீர் நிரப்பவும் வழியில்லை. சில வருடங்களில் முழு செட்டையே மாற்ற வேண்டியதுதான். ஐ9-13900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் சிப் வைத்து வீடியோ ரெண்டர் செய்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். 12400 அதிகபட்சமே 117 வாட். சிட்டுக்குருவிக்கு எதற்கு யானை லாயம்?

டவர் போட்டேன். 66 டிகிரி, சத்தமே இல்லை. வாங்குவதற்கு முன் அதன் உயரத்தையும் உங்கள் கேபினெட் எத்தனை மில்லிமீட்டர் வரை இடம் கொடுக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லிக் கேபினெட் என்றால் மூடி மூடாது.

மாஸ்டர் சொன்ன ஏசி? அறை 36-லிருந்து 26-க்கு இறங்கினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி குறையும். கதவு ஜன்னல் சாத்தியிருப்பதால் பஞ்சும் வராது. கரூர், ஈரோட்டுப் பக்கம் 40-ஐத் தாண்டும் ஊர்களில் மனுசனுக்கே அது வேண்டும். ஆனால் அடைத்த கூலருக்கு ஏசி போடுவது காய்ச்சலுக்கு விசிறி வீசுவது மாதிரி. கரண்ட் பில் மாதாமாதம் வரும், அடைப்பு அங்கேயே இருக்கும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் பெட்டிப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். ஈரக்காற்றில் பஞ்சு இன்னும் கெட்டியாக ஒட்டும்.

காசே செலவழிக்க முடியாத நிலை என்றால் விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசசர் அதிகபட்ச அளவை 99 சதவீதம் என்று மாற்றினால் டர்போ, அதாவது சிப் தானே கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும். வெப்பம் குறையும், வேகமும் குறையும். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தது.

இன்னொரு பரிசோதனையும் செய்தேன், சிரிக்காதீர்கள். முன்பக்க விசிறிக்கு ஃபில்டராக கீழே கிடந்த 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி பனியன் துணியை ஒட்டினேன். பஞ்சு வரவில்லை. காற்றும் வரவில்லை. ஒன்பது டிகிரி ஏறியது. அப்புறம் கரூர் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன், கச்சிதம். பஞ்சு வெளியிலேயே நிற்கிறது, வாரம் ஒருமுறை கையால் வழித்தால் போதும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மட்டும் வாரம் இரண்டு தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை வழித்தது முழுக்கக் கறுப்பு. கீழே கறுப்பு டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.