சொல்லை மட்டும் அளந்த கணக்கெடுப்பு

சுற்றுச்சூழல் இனப்பாகுபாடு, அதாவது நச்சுக் கழிவு, கெட்ட நீர் போன்ற கேடுகள் ஒடுக்கப்பட்ட இனத்தார் வாழும் இடங்களிலேயே அதிகம் வந்து சேர்வது, பற்றி மக்கள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று அளந்து தருவதற்காக, தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துச் சில ஊர்களில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு தனியார் கள ஆய்வு நிறுவனத்தை அமர்த்தியது. சொன்ன தேதியில் வந்தார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்கு அம்மொழி தெரிந்தவர்களை அனுப்பினார்கள். பெயர்களை நீக்கிய மூலத் தரவையும் ஒப்படைத்தார்கள். இவற்றில் குறையில்லை.

குறையெல்லாம் கேள்வித்தாளில் இருந்தது. 'சுற்றுச்சூழல் இனப்பாகுபாடு என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?' என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த வாரன் கவுண்டியில் பிசிபி நச்சு கலந்த மண்ணைப் புதைப்பதை எதிர்த்து 1982இல் நடந்த போராட்டத்தை ஒட்டிப் பரவிய சொல் அது. இங்கே இனம் என்பதைச் சாதி என்று மாற்றிப் படித்தால்தான் அக்கேள்விக்குப் பொருளே பிறக்கும்.

நான் உடன் சென்ற நாளில், காலனியின் கடைசித் தெருவில் ஒரு பாட்டி 'இல்லை' என்றார். டேப்லெட்டில் அப்படியே பதிவானது. பதிவு முடிந்த பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார்: "டேங்க் தண்ணி மொதல்ல ஊருக்குள்ள போவும். எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள நிறுத்திடுவாங்க. போர் தண்ணியக் குடிச்சுத்தான் பேரனுக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் கெடக்கு." இதைக் குறித்துக்கொள்ளக் கட்டம் இல்லை. அறிக்கையில் அவர் விழிப்புணர்வு இல்லாதவராக நிற்கிறார்.

பேரனின் பல்லைக் காவியாக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு, நிலத்தடி நீரில் பாறையிலிருந்து கரைந்து வருவது. அதில் யாருடைய பாகுபாடும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத அந்த உப்பிலிருந்து மக்களைக் காக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அந்த நீர் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வருகிறது என்று கேட்டிருந்தால் பாட்டியின் அறிவு அளவுகோலுக்குள் வந்திருக்கும்.

ஐந்து படி அளவுகோலும் எடுபடவில்லை. 'உடன்படுகிறேன்' என்பதற்கும் 'ஓரளவு உடன்படுகிறேன்' என்பதற்கும் வேறுபாடு கேட்டுச் சலித்தவர்கள், "நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க" என்றார்கள். ரேஷன் கடை வரிசையில், ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கப் பெண்களிடம் கேட்டது அதைவிடப் பெரிய பிழை. அங்கே எல்லோருக்கும் எல்லாம் நன்றாகவே இருந்தது.

களப்பணிக்கு இவர்களையே மீண்டும் அழைப்போம். ஆனால் கேள்விகளை நாங்களே எழுதித் தருவதாகவும், காலனி வீடுகளுக்குப் பெண் பணியாளர்கள் தனியே செல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.