பழைய டூம் ரைடரா, 2013 டூம் ரைடரா?

டூம் ரைடர் (Tomb Raider) வீடியோ கேம் வரிசையில் எதில் தொடங்குவது என்று குழம்புவது நியாயம்தான். 1996-ல் வந்த முதல் ஆட்டத்துக்கும் 2013 மறுதொடக்கத்துக்கும் லாரா கிராஃப்ட் என்ற நாயகியின் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.

குதிப்பது: பழையதில் உலகமே சதுரக் கட்டங்கள், ஒரு கட்டம் பின்னால் போய் ஓடி, சரியான நேரத்தில் குதிக்க வேண்டும், கணக்கு தப்பினால் பள்ளம்தான்.
புதியதில் கொஞ்சம் பிசகினாலும் லாராவே சமாளித்துக்கொள்வாள்.

புதிர்: பழையதில் அதுதான் ஆட்டமே. நெம்புகோலை இழுத்துவிட்டு எந்தக் கதவு திறந்தது என்று அரை மணி நேரம் அலைவேன், எரிச்சலோடு ஒரு சுகமும் உண்டு.
புதியதில் கல்லறைகள் சின்னவை, விருப்பமிருந்தால் போகலாம். டூம் ரைடர், அதாவது கல்லறைக் கொள்ளையர் என்று பெயர் வைத்துவிட்டு இப்படியா!

சண்டை: பழையதில் ஓநாய், கரடி, டைனோசர், துப்பாக்கி தானாகக் குறிவைக்கும்.
புதியதில் கும்பல் கும்பலாக மனிதர்கள், ஆனால் லாராவின் வில் அருமை.

கதையும் வேகமும் வேண்டுமா, 2013 எடுங்கள். தனியாக அலைந்து மூளையைக் கசக்கப் பிடிக்குமென்றால் பழையதுதான். 2024-ல் மெருகேற்றி வந்த தொகுப்பில் முதல் மூன்று ஆட்டங்களும் இருக்கின்றன. அதில் நவீனக் கட்டுப்பாடும் உண்டு, ஆனாலும் பழைய முறையையே பழகிக்கொள்ளுங்கள், அந்தக் குதிப்புகள் அதற்கென்றே அளந்து வைத்தவை.