அளந்த பிறகு கழற்றுங்கள்: பழைய பைக் எஞ்சினோடு என் நீண்டகால அனுபவம்

காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், 100 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டி. பல வருடங்களாக அதன் எஞ்சின் வேலையை வீட்டிலேயேதான் பார்த்து வருகிறேன். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகிப்போனது இதுதான்: பழைய எஞ்சினில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினைப் பிரிக்கவே வேண்டியதில்லை. இழுவை குறைந்தது என்றதும் "போர் போட்டுவிடலாம்" என்று, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிவிடலாம் என்று, பாய்வது வீண் வேலை. ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டும் மானி), மல்டிமீட்டர், அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேடு, இவ்வளவும் கையில் இருந்தால் கோளாறு எங்கே என்று சிலிண்டர் ஹெட்டைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட்டிங் தகராறு என்றால் நான் முதலில் பார்ப்பது டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையே உள்ள இடைவெளி. பலரும் டாப்பெட் சத்தம் கேட்டால்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், சத்தமே இல்லாத டாப்பெட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஓட ஓட வால்வும் அதன் சீட்டும் (மூடும்போது வால்வு உட்காரும் வளையம்) தேய்ந்து வால்வு மேலே ஏறும். இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் அங்கே கசியும். எக்ஸாஸ்ட் வால்வாக இருந்தால் சீட்டில் உட்கார்ந்து சூட்டை இறக்க முடியாமல் விளிம்பு எரிந்துபோகும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் வண்டி சூடானபின் கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

டாப்பெட் இடைவெளியை அளக்க எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். மேக்னட்டில் (கிராங்கோடு சுற்றும் காந்தச் சக்கரம்) உள்ள, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியைப் பொருத்தியபின் இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சி. இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சின்ன எஞ்சின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும். கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு, காது அல்ல.

டாப்பெட் சரியான பிறகுதான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் செய்ய வேண்டும். எண் குறைவாக வந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எஞ்சினைப் பிரிக்காமலே பாதிப் பதிலைத் தருகிற இந்தச் சோதனையைப் பார்க்காமல் யாரும் சிலிண்டரைக் கழற்றக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

பிளக்கை ஹெட்டில் சாய்த்துவைத்து நீலப் பொறி வருவதைப் பார்த்ததும் கரண்ட் பக்கம் சரி என்று முடிவுகட்டிவிட முடியாது. வெளிக்காற்றில் எளிதாகத் தாவும் பொறி, கம்ப்ரஷன் அழுத்தத்துக்குள் தாவ இன்னும் கூடுதல் வோல்ட்டேஜ் கேட்கும். சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும் வண்டிகளில் பல்சர் காயிலையும் (பொறி எப்போது வர வேண்டும் என்று சிக்னல் தரும் காயில்) எச்.டி. காயிலையும் (பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயில்) ஆறியபோது ஒருமுறை, வண்டி நின்ற உடனே ஒருமுறை ஓம் கணக்கில் அளந்து ஒப்பிடுவேன். சூட்டில் இணைப்பு அறுந்துபோகும் காயில் அப்போதுதான் மாட்டும்.

பெட்ரோல் பக்கம் என்றால், அதிகம் தொல்லை கொடுப்பது பைலட் ஜெட், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டர் ஜெட். அதன் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, சோக்கை விட்டதும் ஐட்லிங் பிடிக்காமல் அணைகிறது என்றால் அனேகமாக அங்கேதான் அடைப்பு. கம்பியை விட்டுக் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிடும். கார்ப் க்ளீனரில் ஊறவைத்து காற்று அடித்தால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் நிறுத்திவைக்கும்போது ஃப்ளோட் கிண்ணத்தில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) உள்ளதை வடித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதன்பின் ஜெட் அடைப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

கொஞ்சதூரம் நன்றாக ஓடி நின்றுவிடும் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, கார்புரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் இறங்கத் தாமதித்தால் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரைச் சந்தேகிக்கலாம். இணைப்பின்மேல் தண்ணீரைத் தெளிப்பானால் லேசாகத் தூவினால், கசிவு உள்ள இடத்தில் எஞ்சின் ஓட்டம் தடுமாறும். எரியக்கூடிய ஸ்பிரே எதையும் சூடான எஞ்சின்மேல் அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் பார்த்தபின்னும் நீலப்புகை தள்ளினால், எப்போது தள்ளுகிறது என்று கவனிப்பேன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி திருகும்போது மட்டும் என்றால் வால்வு சீல் அல்லது கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்). முறுக்கிப் பிடித்து ஏறும்போதெல்லாம் என்றால் ரிங். என் வண்டியில் ரிங்தான். சிலிண்டரைத் தூக்கும் முன் கிராங்க் வாயில் சுத்தமான துணி அடைப்பது கட்டாயம். பிஸ்டன் பின் லாக் (பின் நழுவாமல் பிடிக்கும் சின்னக் கம்பி வளையம்) உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்த பிறகே மாட்டினேன். ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். அலுமினியத்தில் மரை போனால் அது தனிக் கதையாகிவிடும் என்பதால் 6 மி.மீ. போல்ட்டுக்குக்கூட நான் கை உணர்வை நம்புவதில்லை.

கருவிகளில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பு எஞ்சின்களின் கவர் ஸ்க்ரூக்கள் பார்ப்பதற்கு பிலிப்ஸ்போல இருந்தாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகை. அதற்கான முனையும் இம்பாக்ட் டிரைவரும் (சுத்தியலால் அடித்தால் திரும்பும் ஸ்க்ரூடிரைவர்) வாங்கியபின் தலை வழுக்கும் பிரச்சினையே ஒழிந்தது. இந்த வேலையில் காசுக்கு மிக நிறைவான வாங்கல் அதுவே.

போர் போடுவது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க் பிரஸ் செய்வது மூன்றும் லேத் பட்டறைக்குப் போக வேண்டியவை. ஆனால் தேவையா இல்லையா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிலிண்டர் கழன்றிருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இருக்க, கனெக்டிங் ராடைப் பிடித்து நேர்மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலும் கீழுமாகக் கையில் தட்டுப்பட்டால் கிராங்கோடு ராடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. என் வண்டியில் அந்த ஆட்டம் இதுவரை இல்லை. ரிங் மாற்றியபின் புகையும் நின்றுவிட்டது. டைமிங் செயின் டென்ஷனர் மட்டும் காலையில் கொஞ்சநேரம் சத்தம் கொடுக்கிறது, அடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.