ஆறு வருஷம் ஓட்டிய டேபிள் சாவும் அதன் உதறலும்

2018-ல் பெங்களூரு மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டில் ஒரு பட்டறையைக் காலி செய்தபோது இந்த டேபிள் சாவை (மேசை நடுவே வட்ட பிளேடு சுற்றி மரம் அறுக்கும் மெஷின்) பழசாக வாங்கினேன். 10 அங்குல பிளேடு, 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், வார்ப்பிரும்பு மேசை. மோட்டார் பின்பக்கம் கீலில் தொங்கும். அதன் எடையே, மோட்டாரின் சுழற்சியைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் ஒற்றை வி-பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்ரீராம்புரத்தில் வீட்டுக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம்தான் எனக்குப் பட்டறை. வாரநாளில் கம்ப்யூட்டர், சனி ஞாயிறில் மரத்தூள்.

மேசையைப் பற்றிக் குறையே இல்லை. ஆறு வருஷத்தில் இரண்டு தடவை துருப்பிடித்தது, மெழுகு தேய்த்ததும் சரியானது. தகர ஸ்டாண்டு சுமார்தான். உதறல்தான் தனிக்கதை.

2020 ஊரடங்கில் மெஷின் மாதக்கணக்கில் சும்மா நின்றது. மறுபடி ஓட்டியபோது மேசை மேல் வைத்த பென்சில் தானே நடந்து போய்க் கீழே விழுந்தது. பழைய மெஷின், அதிரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன், இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் வேங்கைப் பலகையை (இங்கே கடையில் ஹொன்னே என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்) ஒன்றரை அங்குலப் பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். அதிர்ந்து அதிர்ந்து, பலகையை ஒட்டித் தள்ளுகிற ஓரச்சட்டமான ஃபென்ஸின் பூட்டு தளர்ந்து, பின்முனை பிளேடுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பட்டை இரண்டுக்கும் நடுவில் இறுகியது. அடுத்த நொடி அது என் இடுப்பை உரசாத குறையாகப் பறந்து போய் ஷட்டரில் மோதியது. ஷட்டரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. பிளேடுக்கு நேராக நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நிற்கிற பழக்கம் மட்டும் இல்லையென்றால் பள்ளம் வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

உடனே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "பேரிங் போச்சு சார்" என்றார். 6203 பேரிங் இரண்டு, கூலியோடு 1,400 ரூபாய். மாட்டி ஓட்டினால் அதே உதறல். கழற்றிப் போட்ட பழைய பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றினேன். கரகரப்பு இல்லை, ஆட்டமும் இல்லை. பணம் கொடுத்த பிறகுதான் இதெல்லாம் தோன்றுகிறது.

எதிர்த்தெருவில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசாரி அண்ணன் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன்.

"தம்பி, பெல்ட்டைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் எதுக்கு பேரிங்கை மாத்துன?"

பதில் இல்லை. அன்று சாயங்காலமே தொடங்கினேன். முதலில் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேசை மேல் போட்டுக்கொண்டேன். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கை பிளேடுப் பக்கம் போகும்போதெல்லாம் பிளக் என் கண்முன்னால் கிடக்க வேண்டும். மோட்டார் முதுகில் இருக்கும் கெப்பாசிட்டரைத் தொடவே இல்லை, பிளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிளேடைக் கழற்றும்போது அது சுற்றாமலிருக்க மரக்கட்டையை முட்டுக்கொடுத்தேன்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கை, துணி எதுவும் அருகில் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டினேன். பழைய தடித்த 5 ரூபாய்க் காசை மேசையில் செங்குத்தாக நிறுத்தினால் அசையாமல் நின்றது. ஆக மோட்டாரில் குற்றமில்லை. பிளக்கை எடுத்து, பிளேடு இல்லாமல் பெல்ட்டை மட்டும் மாட்டி ஓட்டினேன். காசு விழுந்தது, மோட்டார் கீலில் துள்ளியது. ஸ்டாண்டில் கை வைத்தால் ரீங்காரமாக இல்லை, கட்டைவண்டி கல்லில் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. 42 அங்குலப் பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் 4 அங்குலப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால்தான் பெல்ட்டின் கோளாறு மோட்டாரின் கோளாறைவிட மெதுவான குலுக்கலாகத் தெரிகிறது.

பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டேன். வட்டமாக விழவில்லை, முட்டை வடிவத்தில், இரண்டு பக்கமும் புல்லியின் வளைவு பதிந்து கிடந்தது. ஊரடங்கில் ஒரே நிலையில் இறுகி நின்றதன் தழும்பு. எஸ்.பி. ரோட்டில் உட்பக்கம் பல் வெட்டிய ஏ.எக்ஸ். பெல்ட் 280 ரூபாய்க்குக் கிடைத்தது. அது எளிதாக வளையும், வடிவமும் அவ்வளவு சீக்கிரம் பதியாது. மாட்டும் முன் இரண்டு புல்லிகளின் முகத்திலும் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தேன். மோட்டார் புல்லி 4 மி.மீ. வெளியே நின்றது, அதைத் தண்டோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. நேராக்கி இறுக்கி, ஸ்க்ரூவின் வெளிமுனைக்கும் புல்லிக்கும் குறுக்கே மனைவியின் நகப்பாலிஷில் ஒரு கோடு போட்டேன். கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றுவரை விலகவில்லை. (பாலிஷ் குறைந்ததை அவள் அன்றே கண்டுபிடித்துவிட்டாள்.)

புதுப் பெல்ட்டோடு ஓட்டினேன், காசு நின்றது. ஆனால் பிளைவுட் வெட்டுகிற பிளேடை மாட்டினால் மட்டும் மறுபடி சன்னமான நடுக்கம். அந்தப் பிளேடின் ஓட்டை 30 மி.மீ., என் மெஷினில் பிளேடு மாட்டும் தண்டு 25.4 மி.மீ. நடுவில் ஒரு மெல்லிய ரிங் போட்டிருந்தேன். பிளக்கை எடுத்துவிட்டு, ஒரு மரத்துண்டைப் பல் நுனியில் உரசும்படி வைத்துப் பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பாதிச் சுற்றில் கீறியது, மீதிப் பாதியில் இடைவெளி விட்டது. ரிங் தொளதொளவென்று இருந்ததால் பிளேடு மையம் விலகி உட்கார்ந்திருந்தது. இப்போது என் தண்டுக்குச் சரியான ஓட்டை உள்ள பிளேடை மட்டுமே வாங்குகிறேன். கழற்றியிருக்கும்போதே, பிளேடை அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டான ஃப்ளாஞ்சில் ஒட்டியிருந்த பிசினையும் மண்ணெண்ணெயில் துடைத்தேன். அங்கே 0.05 மி.மீ. பிசகினால் 10 அங்குல பிளேடின் ஓரத்தில் அது 0.2 வரை போகும்.

பழைய முதலாளி கழற்றிச் சாக்கில் போட்டிருந்த ரிவிங் நைஃபையும் (பிளேடுக்குப் பின்னால் நின்று, வெட்டிய மரம் இறுகாமல் பிரித்துவைக்கும் தகடு) தேடி மாட்டினேன். பிளேடின் தகட்டைவிடத் தடிப்பாக, பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அளந்தேன், சரியாக இருந்தது. ஃபென்ஸைப் பூட்டியதும் முன்னும் பின்னும் அளப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இரண்டு வருஷமாகிறது. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்குவதாக இருந்தால் மோட்டாருக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்கி, பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் போகிறேன். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு மணல் மூட்டையும் வைத்தேன். சுவிட்சை அணைத்து வேகம் குறையும்போது மட்டும், நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், தகர ஸ்டாண்டு ஒரு கணம் சிலிர்க்கிறது. காசு அப்போது விழுகிறது. அந்த வேகத்தில் மரம் வெட்டுவதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.